மலர்க்குழுவுக்குக் கொடுக்காதவை

மூன்று பேர் வந்திருந்தார்கள் மழையோடு.
பள்ளிக்கூடத்துக்குப் பொன்விழாவாம்.
எலிசா டீச்சரின் கடிதங்கள் என்னிடம் இருப்பதாக
வேப்பேரியில் யாரோ சொன்னார்களாம்.
"அவருடைய கல்விச் சிந்தனைகள் போதும், அம்மா.
மலரில் நான்கு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம்."

பிஸ்கட் டின்னைத் திறந்தேன்.
ரங்கூனில் கப்பலேறும்போது
ஆளுக்கு ஒரு பெட்டி என்றார்கள்.
என் வீட்டுக்காரர் கணக்குப் புத்தகங்களை எடுத்துக்கொண்டார்,
நான் இதை.
என்ன அது என்று அவர் கடைசிவரை கேட்கவில்லை.

இரண்டு சண்டைக்கும் நடுவே இருபது வருஷம்.
டிரெய்னிங் பள்ளியில் ஒரே மைக்கூட்டில் தொட்டு எழுதிய கை
எனக்கு எழுதியது முந்நூற்றுச் சொச்சம்.
'கல்வி' என்று தொடங்கும் வாக்கியம் அதில் ஒன்றே ஒன்று:
"கல்வி இலாகாவிலிருந்து மானியம் இன்னும் வரவில்லை."

மற்றபடி
1921, ஜூலை. கடைவாய்ப் பல்.
"கிராம்புத் தைலம் பலிக்கவில்லை, கோமு.
நாற்பத்தொரு பெண்கள் பதினாறாம் வாய்ப்பாடு ஒப்பிக்க
என் பல்லும் கூடவே ஒப்பிக்கிறது."

ஓட்டேரி நாலா வகுப்புக்குள் வந்த வருஷம்
பெஞ்சின்மேல் நின்று பாடம் நடத்தியிருக்கிறாள்.
ஐந்தாம் வகுப்புப் பெண்கள் ஒரு தவளைக்குப் பெயர் வைத்து
வருகைப் பதிவேட்டில் சேர்த்துவிட்டார்கள்.
"மூன்று நாள் தவறாமல் வந்தது.
உள்ளேன் என்றும் சொன்னது."

1930, மார்ச்.
"சட்டம் அடுத்த மாதம் அமலுக்கு வருகிறதாம்.
அதற்குள் முடித்துவிட வேண்டுமென்று
என் வகுப்பில் மட்டும் ஏழு கல்யாணம்.
ஒருத்தியின் சிலேட்டில் பெருக்கல் கணக்கு பாதியில் நிற்கிறது.
அழிக்க மனம் வரவில்லை என்று எழுதுவேன் என்று பார்க்கிறாயா?
அழித்துவிட்டேன். சிலேட்டுக்குப் பஞ்சம்."

இன்னொன்று, தேதி போடாதது.
"இன்று பாக்கியத்தை அறைந்தேன்.
நாலு விரலும் பதிந்திருந்தது.
அவள் ஒன்றும் செய்யவில்லை.
காலையில் இன்ஸ்பெக்ட்ரஸ் என்னைப் பார்த்த பார்வை
மத்தியானம் அவள் முகத்தில் இருப்பதாகத் தோன்றியது, அவ்வளவுதான்.
இந்த வேலைக்கு நான் லாயக்கில்லை."
இதற்கு நான் என்ன பதில் எழுதினேன்?
நினைவில்லை.
பக்கத்து வீட்டு ஙப்பி நாற்றத்தைப் பற்றி
இரண்டு பக்கம் எழுதியிருப்பேன்.

கடைசிக் கடிதம் டின்னின் அடியில்,
விரித்த தாளுக்கும் கீழே.
அதை எடுக்கவில்லை.
"மறுபடியும் சண்டை வரும் என்கிறார்கள்.
கப்பல் நின்றால் தபாலும் நிற்கும்.
எழுத வேண்டியது ஏதாவது பாக்கி இருந்தால்
இப்போதே எழுதிவிடு, கோமு."
இருந்தது.
நாளைக்கு, நாளைக்கு என்று
பத்துத் தரம் பேனாவுக்கு மை நிரப்பினேன்.
நான் வந்து இறங்கியபோது
கீழ்ப்பாக்கம் கல்லறையில் அவளுக்கு
நாலு மாதம் ஆகியிருந்தது.

"ஒரு வேடிக்கை தெரியுமா, அம்மா?"
என்றாள் மூவரில் இளையவள்,
அங்கேயே படித்து அங்கேயே பூகோளம் நடத்துகிறவள்.
"எந்த வருஷமானாலும் பரீட்சையில்
ஐராவதி கழிமுகம் வரைந்தே ஆகவேண்டும்.
காவிரி வராது, கங்கை வராது.
ரங்கூன் புள்ளி ஒரு நூல் தள்ளிப்போனால்
அரை மார்க் போச்சு.
ஏனென்று எங்களுக்குத் தெரியவே தெரியாது."

நான் காபியை ஆற்றிக்கொண்டிருந்தேன்.
ஆறிய பிறகும் ஆற்றிக்கொண்டிருந்தேன்.
"பல வாயாகப் பிரிந்து கடலில் விழுகிற ஆறு," என்றேன்.
"வரைவது கஷ்டம். அதனால் இருக்கும்."

தவளைக் கடிதத்தை மட்டும் கொடுத்தேன்.
நான்கு பக்கத்துக்கு இது எப்படிப் போதும் என்று
மூன்று முகமும் சொன்னது; வாய் நன்றி சொன்னது.

போன பிறகு பார்த்தேன்.
சாத்தி வைத்த குடைகளிலிருந்து வடிந்த தண்ணீர்
சிமெண்டுத் தரையில் ஒன்றாய்ச் சேர்ந்து
பிறகு ஐந்தாறாய்ப் பிரிந்து
வாசற்படியைத் தேடிப் போய்க்கொண்டிருந்தது.
கொஞ்ச நேரம் நின்றேன்.
துணி எடுத்துத் துடைத்துவிட்டேன்.